ஏழாவது வீட்டுப் பாடு

சுப்பிரமணி கோழியோடு பேசிக்கொண்டிருந்தான். செஞ்சம்மா வீட்டுப் படலுக்கு வெளியே நின்று, உள்ளே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்து ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

“ஏ கோழி, அந்தக் கவர்ல ரெண்டு பேப்பர் கீது. கேஸ் கனெக்சனுக்கு. ரெண்டுலயும் கையெழுத்து வோணுமாம். ஒண்ணுல மட்டும் போட்டா ஏஜென்சிக்காரன் திருப்பி அனுப்பிடறான். சீலு தெளிவா வுழணுமாம்.”

செஞ்சம்மா வாசலில் குந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. சுப்பிரமணி கல்யாணத்தில் முதல் மஞ்சள் இடித்தவள் அவள்தான். அவளும் கோழியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“கோழி, ஆதார் ஜெராக்ஸ் இல்லாம கையெழுத்து போட்டா அப்பறம் என்னியதான் கேப்பாங்கன்னு சொல்லு.”

“உள்ள மடிச்சி வச்சிக்கீதுன்னு சொல்லு கோழி.”

“சாயங்காலம் கட்டி வெக்கிறேன். வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு.”

சுப்பிரமணி கவரை வலை நூலால் படலில் கட்டினான். போகும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டான். யாராவது பார்த்திருந்தாலும் தப்பில்லை. கோழியோடு பேசக் கூடாதென்று ஊர் ஒன்றும் தீர்மானம் போடவில்லை. செஞ்சம்மாவோடுதான் பேசக் கூடாது.

ஓடைமேட்டுக் குப்பம் ஏரிக்குள் இருக்கிற ஒரு மணல் திட்டு. நூற்றுச் சொச்சம் வீடு, ஒரு கங்கையம்மன் கோயில், ஐந்தாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம், அதை ஒட்டினாற்போல் ஊராட்சி அலுவலகம். கிழக்கே பார்த்தால் தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். மேற்கே பார்த்தால் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளின் புகைக்கூண்டுகள் நிற்கும். மார்கழிப் பனியில் இரண்டும் தெரியாது. செஞ்சம்மா இந்தத் திட்டுக்கு ஐந்து வருஷமாக ஊராட்சி மன்றத் தலைவர். அரசாங்க நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஊர் அவள்மேல் கட்டுப் போட்டிருந்தது. கட்டு என்றால், யாரும் அவளோடு பேசக் கூடாது, மீன் கொடுக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது, அவள் வாசலை மிதிக்கக் கூடாது. மீறினவருக்கும் அதே கட்டு. ஆனால் ஊருக்குக் கையெழுத்து வேண்டுமே. ஜாதிச் சான்று, வீட்டு வரி, கேஸ் என்று எதற்கெடுத்தாலும் தலைவர் சீல் கேட்கிறார்கள். அதற்குத்தான் கோழி.

தலைவர் நாற்காலி பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது ஊர்க்கூட்டம் கூடி யாரை நிறுத்துவது என்று மூன்று நாள் மூளையைக் கசக்கியது. எவன் பெண்டாட்டியை நிறுத்தினாலும் அவன் சட்டையைத் தூக்கி விட்டுக்கொண்டு தலைவர் மாதிரி அலைவான். நாட்டார் ஆதிநாராயணன்தான் யோசனை சொன்னார். “ஆம்பள இல்லாத ஊடாப் பாருங்கப்பா.” நாட்டார் என்றால் ஊர்க்கூட்டத்துக்குத் தலை. அப்படிக் கிடைத்தவள் செஞ்சம்மா. புருஷன் செத்து இரண்டு வருஷம், ஒரே மகள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள். போட்டியே இல்லாமல் ஜெயித்தாள். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தார்கள். நாலரை வருஷம் அப்படித்தான் போட்டாள், பொய் சொல்வானேன்.

கட்டுப் போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஒரு விஷயம் நடந்தது. காலையில் கதவைத் திறந்தால் படலின் கவட்டையில் பாதாம் இலையில் மடித்து மீன் இருக்கும். ஒரு நாள் நான்கு மடவை, ஒரு நாள் ஒரு கை இறால், ஒரு நாள் காலைக் கட்டின நண்டு ஒன்று. யார் வைத்தது என்று தெரியாது. செஞ்சம்மா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கவர் கட்டுகிறவர்கள்தான் கையெழுத்துக்குக் கூலியாக வைக்கிறார்கள். இதற்கு அவளிடம் கெட்டியான சாட்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் வராது. ஞாயிற்றுக்கிழமை அரசாங்க லீவு, யாரும் கவர் கட்ட மாட்டார்கள்.

முதலில் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்றால் யாரிடம் கொடுப்பது? பசி வேறு. கழுவி, புளி கரைத்துக் குழம்பு வைத்துத் தின்றாள்.

கட்டுக்கு முன்னால் அவள் மீன் கூடை தூக்கி விற்றவள். இப்போது யாரும் மீன் தர மாட்டார்கள் என்பதால், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கப் போனாள். படகு ஏற்றாது. விடியலில் ஏரியில் இறங்கி, வலைக்கு நட்ட கொம்புகளை அடையாளம் வைத்துக்கொண்டு, மாற்றுப் புடவையைப் பிளாஸ்டிக் குடத்துக்குள் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் மார் வரைக்கும் வந்தது. பக்கத்திலேயே படகுகள் போகும். படகில் இருக்கிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். அக்கரையில் ஒரு பாழடைந்த ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் புடவை மாற்றிக்கொண்டு கம்பெனி வேன் ஏறுவாள்.

கேண்டீனிலாவது பேச்சு கிடைக்கும் என்று நம்பித்தான் சேர்ந்தாள். அங்கே போனால் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஒடிசா, பீகார். அவளுக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவள் ஒரு ஒடிசாப் பெண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. செஞ்சம்மாவுக்கு அதுவும் போதும் என்று ஆகிவிட்டது.

“உனுக்கு ஒண்ணு தெரியுமா, நான் பிரசிடெண்டு,” என்றாள் ஒரு நாள், வெங்காயத்தின் தலையை வெட்டிக்கொண்டே.

“அச்சா தீதி,” என்றாள் அவள்.

“சிரிக்காத. மெய்யாலுமே. சீலு கூட கீது ஊட்ல, அரிசிப் பானைக்குள்ள வச்சிக்கீறேன். என் ஊட்டுக்காரர் படகுலயே மாரப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு. காரியம் முடிஞ்சி பந்தலு கூட பிரிக்கல. ஊர்லேர்ந்து ஆளு வந்து குந்திக்கினு, உங்க பாட்ட ஊருக்கு எடுத்துக்கிறோம்மான்றான். பையன் இல்லன்னா அப்பிடித்தானாம். இருவது வருசம் அந்தப் பாட்டுலதான் நாங்க சோறு துன்னோம். ஒரு பேச்சுல போச்சி.”

பாடு என்பது இந்த ஏரிக்காரர்களின் ஏற்பாடு. வலை கட்ட வாகான இடம் ஏரியில் கொஞ்சம்தான் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் போனால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்னார் வலை என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஆம்பளைக்கு மட்டும்தான் பாடு. அவன் செத்தால் மகனுக்கு, மகன் இல்லாவிட்டால் ஊருக்கு. அப்படிப் பாடு பறிபோன வீடு ஓடைமேட்டில் ஏழு.

“ஊர்க்கூட்டத்துல போயி கேக்கலாம்னா பொம்பள அந்தக் கோயில் மணல மிதிக்கக் கூடாது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? அக்டோபர் ரெண்டாந்தேதி கிராம சபை. எங்க ஊரு ஆம்பளைங்களுக்கு ஒரு பழக்கம் கீது. வந்ததும் வருகைப் பதிவுல கையெழுத்து போடுவானுங்க, போட்டோவுக்கு நிப்பானுங்க, டீ குடிப்பானுங்க, கெளம்பிடுவானுங்க. தீர்மானம் படிக்கச்சொல்ல ஒருத்தனும் இருக்க மாட்டான். அன்னிக்கும் அப்பிடித்தான் போனானுங்க. நாங்க ஏழு பேரு, இன்னும் கொஞ்சம் பொம்பளைங்க, அந்த ஆபீசரு. நான் படிச்சேன். ஆம்பள இல்லாத ஏழு ஊட்டுக்கும் பாடு அவங்க பேர்லயே இருக்கணும், கூலிக்கு ஆளு வச்சி வலை கட்டிக்குவாங்கன்னு. கைய தூக்குன்னேன். தூக்குனாங்க. எழுதி, கைநாட்டு வச்சி, சீலு குத்திட்டோம். கூட்டத்துக்கு வந்த ஆம்பளைங்க எல்லாம் அதுல கையெழுத்து போட்டுக்கீறானுங்க. தெரியாமலே.”

சொல்லிவிட்டு செஞ்சம்மா சிரித்தாள். ஒடிசாப் பெண்ணும் சிரித்தாள். வெங்காயத்தில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

“மூணாம் நாளு கட்டுப் போட்டுட்டானுங்க. ஊரு விசயத்த கவர்மென்ட்டு நோட்ல எழுதிட்டேனாம். அத்த அடிச்சிட்டு, ஊரு முன்னால வுழுந்து கும்புடற வரைக்கும் கட்டாம். அது கூட பேஜாரு இல்ல. கூட கைய தூக்குன ஆறு பேரு கீறாளுங்களே, குப்பம்மாக்கா, நாகம்மா எல்லாம், ஒருத்தியும் என் மூஞ்சிய பாக்க மாட்டேன்றாளுங்க. எதிர்ல வந்தா கொடத்த இந்த இடுப்புக்கு மாத்திக்கினு போயிடறாளுங்க. அவளுங்களுக்காகத்தான செஞ்சேன். எனுக்கு மட்டுமா கேட்டேன்?”

“அச்சா தீதி,” என்றாள் அவள், இந்தத் தடவை மெதுவாக. ஒரு உரித்த வெங்காயத்தை எடுத்து செஞ்சம்மாவின் பக்கத்துக் குவியலில் போட்டாள். அந்த மூன்று மாசத்தில் செஞ்சம்மாவிடம் யாரும் அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டதில்லை.

மகள் பூமிகா செவ்வாப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழாம் மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேனில் திரும்பும்போதுதான் போன் பேச முடியும்.

“அம்மா, தையில வளையல் போடணும்னு எங்க மாமியார் கேட்டுக்கினே கீறாங்க. ஊட்டுக்கு எப்பொ இட்டுக்கினு போற?”

“இட்டாந்தா யாரு கண்ணு வளையல் போடுவா? நான் போடக் கூடாது. ஊர்ல சுமங்கலிங்க ஒருத்தி வாசல மிதிக்க மாட்டா.”

“அப்பொ அடிச்சித் தொலையேன் அந்தத் தீர்மானத்த. எனுக்கு அந்தப் பாடு வோணாம். உனுக்கும் வயசாவுது. யாருக்காகம்மா இப்பிடி தண்ணியில நடந்துக்கினு கீறே?”

செஞ்சம்மா டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிசம்பர் முடிகிற வாரத்தில் நாட்டார் அவரே வந்தார். கட்டுப் போட்டவருக்கு மட்டும் பேசுகிற உரிமை உண்டு. வாசலை மிதிக்காமல், படலுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்த உடைசல் படகின் மேல் உட்கார்ந்தார்.

“இன்னாம்மா செஞ்சு, நல்லா கீறியா?”

மூன்று மாசம் கழித்து ஊரில் ஒரு மனிதர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தன்னை அறியாமல் எழுந்து படல்வரைக்கும் வந்துவிட்டாள். இந்த ஆளிடம் போய் இப்படி ஓடி வருகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“கீறேன் மாமா.”

“உன் மேல எனுக்கு காண்டு இல்ல. உன் ஊட்டுக்காரன் என் கூட ஒண்ணா வலை இஸ்தவன். ஆனா நீ ரோசனை பண்ணிப் பாரு. தொண்ணூத்திரெண்டு தலைக்கட்டு. ஒருத்தனுக்கு ஒரு பாடு வந்தா மறுபாடு வர ஒரு மாசம் ஆவுது. அதுலயும் மழை பேஞ்சா போச்சி, கம்பெனித் தண்ணி எறங்குனா போச்சி. இதுல இன்னும் ஏழு சேத்தா பசங்க இன்னா துன்னுவானுங்க? இப்பவே பாதிப் பேரு லோடு ஏத்தப் போய்க்கினு கீறானுங்க.”

“அந்த ஏழும் முன்ன இருந்த ஏழுதான மாமா. புதுசா நான் இன்னா கேட்டேன்?”

“ஊரு விசயத்த ஊர்ல கேக்கணும்.”

“ஊர்ல பொம்பள வாயத் தொறக்கக் கூடாதே.”

“அதுக்குத்தான் ஒரு ஆம்பளைய அனுப்பணும்ன்றது.”

“ஆம்பள இல்லாத ஊடுதான மாமா இது. அத்தப் பாத்துத்தான என்னிய பிரசிடெண்டு ஆக்குனீங்க.”

நாட்டார் சிரித்துவிட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் தொந்தரவு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“வாய் மட்டும் கொறையல. சரி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அஞ்சாந்தேதியோட உன் பதவி முடியுது. அப்பறம் யாரோ ஆபீசரு. சீலு போயிடும். இன்னிக்கு நாலு பேரு பேப்பர் கட்டறதுக்குன்னாவது உன் படலாண்ட வர்றானுங்க. ஆறாந்தேதிலேர்ந்து யாரு வருவா? எதுக்கு வருவா? வெள்ளிக்கெழம கூட்டம் கீது. நோட்ட எடுத்துக்கினு வரச்சொல்லி கிளர்க்குக்குச் சொல்லட்டா?”

அவர் போன பிறகு அவள் படலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவர் கட்டின வலை நூல் துண்டுகள் அதில் நிறையத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆறாம் தேதி கவர் இருக்காது. மீன் இருக்காது. கோழியோடு பேசக்கூட ஆள் வராது. தண்ணீரில் நடப்பதை அவள் தாங்கிக்கொள்வாள். பட்டினியைக்கூடத் தாங்கிக்கொள்வாள். இதை நினைத்தபோது மட்டும் அவளுக்குப் பயமாக இருந்தது, உண்மையான பயம்.

வெள்ளிக்கிழமை போனாள். ஓடைமேட்டில் ஒரு பெண் கோயில் மணலில் கால் வைத்தது அன்றைக்குத்தான். விழுந்து கும்பிடுவதற்கு மட்டும் மணல் தடுக்கவில்லை போலிருக்கிறது. ஊராட்சிக் கிளார்க் துளசிராமன் அக்கரையிலிருந்து தீர்மானப் புத்தகத்தோடு வந்திருந்தார். ‘மேற்படி தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது’ என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டு சீல் குத்தினாள். பிறகு மணலில் விழுந்து எழுந்தாள். நெற்றியில் ஒட்டின மணலை யாரும் தட்டிவிடச் சொல்லவில்லை. அவளே தட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஊரே பேசியது. படகில் இருந்து கோபால், “அக்கா, கம்பெனிக்கா? ஏறு, ஏறு,” என்று கை கொடுத்தான். சுப்பிரமணி சாயங்காலம் படலைத் தாண்டி உள்ளேயே வந்து, “கேஸ் வந்துடுச்சிக்கா,” என்றான். அவன் பெண்டாட்டி, “பூமிகாவ தை பொறந்ததும் இட்டாக்கா, நான் மொத வளையல் போடறேன்,” என்றாள். செஞ்சம்மா எல்லாரிடமும் பேசினாள். தொண்டை கட்டிக்கொள்கிற அளவுக்குப் பேசினாள். மகளுக்குப் போன் போட்டு நாள் பார்க்கச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் படலில் மீன் இல்லை என்பதைக் கவனித்தாள்தான். இனி எதற்கு என்று விட்டுவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குப்பம்மாள் வந்தாள். ஏழு வீட்டில் ஒரு வீடு அவளுடையது. செஞ்சம்மாவுக்குப் பத்து வயது மூத்தவள். ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே வந்து, சொல்லாமலே குந்திக்கொண்டாள்.

“ஏன்டி செஞ்சு, எங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உனுக்கு?”

“இன்னாக்கா?”

“அந்த நோட்ல உன் கையெழுத்து மட்டுமா கீது? நாங்க ஆறு பேரு கைநாட்டு வச்சிக்கீறோம். எங்களுதையும் சேத்துத்தான நீ அடிச்ச.”

செஞ்சம்மாவுக்குக் கோபம் வந்தது. மூன்று மாசக் கோபம். “கேக்கலாம்னா எங்க கேக்கறது? நீங்கதான் மூஞ்சிய திருப்பிக்கினு போனீங்களே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கண்ணாலயாவது பாத்தீங்களாக்கா? செத்தனா கீறனான்னு?”

“பேசுனா எங்களையும் கட்டிடுவானுங்க. எங்களையும் கட்டிட்டா உனுக்கு மீன் யாருடி வெப்பா?”

செஞ்சம்மா விளங்காமல் பார்த்தாள். “மீனா? அது கையெழுத்து வாங்கறவங்க வச்சதுக்கா.”

குப்பம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “கையெழுத்து வாங்கறவன் மீன் குடுப்பானா? எந்த ஊர்ல கீறே நீ? அவனுங்க நூலு கூட புதுசா கொண்டாரல, உன் படல்ல தொங்குனதையே எடுத்துக் கட்டுனானுங்க.”

“பின்ன?”

“கட்டுப் போட்ட மறுநாளே என் ஊட்டு அடுப்பாண்ட ஆறு பேரும் குந்திக்கினோம். கிளிஞ்சல்ல கோடு போட்டு குலுக்குனோம். ஆம்பளைங்க சீட்டுக் குலுக்கறாப்பலயே. ஒரு கோடு திங்க, ரெண்டு கோடு செவ்வா. எனுக்கு திங்கக்கெழம வுழுந்திச்சி. நாகம்மாவுக்கு சனி. அன்னன்னிக்கு யாரு மொறையோ அவ வெக்கணும். எங்களுக்குப் பாடா கீது, வலையா கீது? ஓரத்துல கையால தடவிப் புடிச்சது, கெஞ்சி வாங்குனது. மழைல எனுக்கு ஜொரம் வந்து எழுந்திரிக்க முடியல, அன்னிக்கும் தவழ்ந்துக்கினு வந்து வச்சிட்டுப் போனேன். இன்னிக்குக் காலைல நாகம்மா எடுத்துக்கினு பாதி வழி வந்தா. கட்டு அவுந்திடுச்சேன்னு திரும்பிட்டா. ஊட்டுக்குப் போயி அந்த மீன கழுவாம அப்பிடியே வச்சிக்கினு குந்திக்கினு கீறா.”

வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். செஞ்சம்மாவுக்கு என்னவோ ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

“ஆனா ஞாயித்துக்கெழம வராதேக்கா. கவர்மென்ட்டு லீவுன்னுதான் நான்…”

“கிளிஞ்சல் எத்தினி போட்டோம்னு நெனச்ச? ஏழு ஊடு, ஏழு கிளிஞ்சல். ஏழாவது உன்னுது. அது ஞாயித்துக்கெழமைக்கு வுழுந்திச்சி. உன் பாட்ட நாங்க எப்பிடிடி எடுக்கறது? ஒருத்தி பாட்ட இன்னொருத்தி எடுக்கக் கூடாதுன்னுதான இத்தினி பேஜாரும்.”

குப்பம்மாள் எழுந்து புடவையில் ஒட்டின தவிட்டைத் தட்டிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் செஞ்சம்மா தேவலை என்று நினைத்திருப்பாள். “சரி வுடு. நீயும் மனுசிதான. நாங்களாவது ஆறு பேரு ஒண்ணா குந்திப் பேசுனோம். நீ தனியா கெடந்த,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு செஞ்சம்மா சோறு ஆக்கவில்லை. ஊரே பேசி முடித்த அந்த நாளில், மூன்று மாசத்தில் இல்லாத தனிமை வந்து அவளோடு உட்கார்ந்துகொண்டது. யாரும் இல்லை என்று அழுதுகொண்டிருந்த அத்தனை காலையிலும் ஆறு பேர் இருந்திருக்கிறார்கள். இப்போது எல்லாரும் இருக்கிறார்கள், அந்த ஆறு பேர் இல்லை. தானே கையெழுத்துப் போட்டு, தானே சீல் குத்தித் தொலைத்தது.

விடிந்ததும் அரிசிப் பானைக்குள்ளிருந்து சீலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கோபால் படகில் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். தண்ணீர் வற்றுகிறது, இறால் விலை போகவில்லை, அவன் பெண் பள்ளிக்கூடத்தில் டான்ஸ் ஆடினாள். செஞ்சம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள். இனிமேல் இதெல்லாம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

துளசிராமன் எளாவூரில் வாடகை வீட்டில் இருந்தார். லுங்கியோடு நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்து எழுந்தார்.

“இன்னாம்மா, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?”

“நோட்டு எங்க சார்?”

“பையில கீது. நாளைக்கு ஆபீஸ்ல ஒப்படைக்கணும். எதுக்கு?”

“ஒண்ணு எழுதணும்.”

விஷயத்தைக் கேட்டதும் அவர் கை கழுவிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். “ரத்து பண்ணத ரத்து பண்றதுன்னா கிராம சபை கூடணும்மா. நெனச்சா எழுதி நெனச்சா அடிக்கிறதுக்கு இது இன்னா பால் கணக்கா?”

“வெள்ளிக்கெழம அடிச்சது எந்த கிராம சபை சார்? அன்னிக்கு எத்தினி பொம்பள இருந்தாங்க? நீங்க சொல்லச் சொல்லத்தான எழுதுனேன்.”

துளசிராமன் மிச்ச இட்லியைத் தட்டால் மூடினார். பிறகு உள்ளே போய் புத்தகத்தை எடுத்துவந்து கட்டில்மேல் வைத்தார். “இது செல்லுமா செல்லாதான்னு என்னிய கேக்காத. ஆபீசர் படிக்கிறாரோ, மூட்டை கட்டிப் போடறாரோ, அதுவும் எனுக்குத் தெரியாது. நீ அஞ்சாந்தேதி வரைக்கும் தலைவரு. எழுதறத நான் புடுங்க முடியாது.”

அவள் யாரும் சொல்லாமல் எழுதினாள். எழுத்துக்கு எழுத்து நின்று யோசித்துத்தான் எழுதினாள். ‘மூன்றாம் தேதி எழுதியது கிராம சபை கூடி எழுதியது அல்ல. நான் பயந்து எழுதியது. ஏழு வீட்டுப் பாடு பற்றிய தீர்மானம் அப்படியே இருக்கிறது. இதில் என்னோடு ஆறு பேர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.’ கையெழுத்துப் போட்டு சீல் குத்தினாள். சீல் தெளிவாக விழுந்தது. பிறகு சீலையும் மசிப்பெட்டியையும் அவரிடமே கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பஸ் வருகிற வரைக்கும் மகளுக்குப் போன் பேசினாள்.

“கண்ணு, வளையலு செவ்வாப்பேட்டையிலயே போட்டுக்க.”

“திரும்பவும் இன்னாம்மா பண்ணே?” என்றாள் பூமிகா. செஞ்சம்மா சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் போன் கட்டாகிவிட்டது. டவர் நன்றாகத்தான் இருந்தது.

கரையில் படகு நின்றது. அவள் செய்தது இன்னும் யாருக்கும் தெரியாது, கேட்டால் ஏற்றியிருப்பார்கள். ஏமாற்றி ஏறினாற்போல் ஆகிவிடும் என்று தண்ணீரில் இறங்கி நடந்தாள். இடுப்பு வரைக்கும்தான் தண்ணீர். தலையில் வைக்க இன்றைக்கு ஒன்றும் இல்லை.

கோயில் மணலில் ஆம்பளைகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். செஞ்சம்மா ஈரப் புடவையோடு மணலின் ஓரத்தில் நின்றாள். யாரோ, “வாக்கா,” என்றார்கள்.

“மாமா,” என்று நாட்டாரைக் கூப்பிட்டாள். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவள், அதனால் எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்க வேண்டியிருந்தது. “நோட்ல திரும்ப எழுதிட்டேன். அது எனுக்கு மட்டும் சொந்தம் இல்ல மாமா, அடிக்கறதுக்கு. அத்தத்தான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

நாட்டார் அவளைப் பார்த்தார். கையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தார். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொருத்தராக எல்லாரும் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் சுப்பிரமணி பெண்டாட்டி வாசலில் நின்றிருந்தாள். சேதி அதற்குள் வந்திருக்க வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை பனி மூட்டமாக விடிந்தது. செஞ்சம்மா விழித்துத்தான் இருந்தாள். இன்றிலிருந்து அவள் தலைவர் இல்லை. படலில் கவர் கட்ட ஒருத்தருக்கும் ஒரு காரணமும் இல்லை. குப்பம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மணலில் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்ததோ என்னவோ. சேர்ந்திருந்தாலும், ஒரு தடவை கைவிட்டவளுக்காக இன்னொரு தடவை யார் பயத்தில் நடப்பார்கள்? பாயில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கோழி ஒரு தடவை கொக்கரித்து அடங்கியது.

அப்புறம் படல் கிறீச்சிட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தால் பார்க்கப்பட்டவள்மேல் குற்றமாகிவிடும். மணலில் கால் இழுத்து நடக்கிற சத்தம் தூரமாகப் போகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

பாதாம் இலையில் மூன்று மடவை இருந்தது. அதில் ஒன்று இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. செஞ்சம்மா அடுப்பு மூட்டி, புளியை ஊறவைத்து, மீனைக் கழுவ உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் முறை. ஓரத்துத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிப்பது எப்படி என்று அவள் இனிமேல்தான் பழக வேண்டும்.